அக்கா கொண்டுவந்த மெஷின்

போன சனிக்கிழமை சிரம்பானில் ஒரு மின்சாதனக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். கால் வலிக்க வலிக்க நின்றேன். எதற்கு? ஒரு சீனப் பெண் கேரட் வெட்டுவதைப் பார்க்க!

கத்தியால் அல்ல. ஃபுட் ப்ராசஸரால். மேலே ஒரு குழாய். அதில் கேரட்டைப் போட்டு அமுக்குகிறாள்... கீழே கிண்ணம் நிறையத் துருவல். தகட்டை மாற்றினாள் – வெங்காயம். இன்னொரு பிளேடைப் போட்டாள் – சப்பாத்தி மாவு. அத்தனை வெங்காயம் வெட்டியும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

“காக்கா, மாரி தெங்கோ!” என்று என்னைக் கூப்பிட்டாள். வந்து பாருங்கள் அக்கா என்று மலாயில் அழைப்பு. நம் காதுக்கு எப்படிக் கேட்டாலும், மலாயில் காக்கா என்றால் அக்காதான்.

பின்னால் நின்ற என் கணவர் குனிந்து பெட்டியைப் பார்த்தார். “வாங்கிக்கலாம்லா. தீபாவளி வருது. போன வருசம் வெங்காயம் உரிச்சே உனக்குக் கண்ணு வீங்கிருச்சி.”

“இது வெட்டுற மெஷின்ங்க. உரிக்காது.”

“அப்ப உரிக்கறத நான் செய்றேன். நீ வாங்கு.”

பார்த்தீர்களா? கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு வாக்குறுதி கிடைத்ததே இல்லை. அப்படியும் நான் வாங்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரில் பாரோயில் எங்கள் வீடு வந்து சேரும்வரை அவர் கேட்டுக்கொண்டே வந்தார். “இதில யோசிக்க என்னா இருக்கு?”

இருக்கிறது. அவருக்குக் கொஞ்சம் தெரியும். உங்களுக்கு முழுசாகச் சொல்கிறேன்.

எனக்கு ஒரு அக்கா. பெயர் மல்லிகா. என்னைவிட ஏழு வயது மூத்தவள். தம்பின் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் வளர்ந்தோம். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா தவறிவிட்டார். அம்மாதான் விடியுமுன்னே எழுந்து ரப்பர் பால் வெட்டப் போவார். வீடு, அடுப்பு, நான் – மூன்றையும் அக்கா பார்த்துக்கொள்வாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இன்றைக்கு இருபது வருஷத்துக்கும் முன்னால், அவள் நர்ஸ் பயிற்சிக்கு இங்கிலாந்து போனாள். அப்போது நம் பெண்கள் பலர் அப்படிப் போனார்கள், உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து போனவள் அவள் ஒருத்திதான். விமானம் பிடிக்க ரயில் ஏறும்போது என் காதில் ஒன்று சொன்னாள்.

“நீ பெருசானதும் உன்னையும் கூப்பிட்டுக்குவேன்.”

எனக்குப் பதினோரு வயது. மறுநாள் காலையிலிருந்து அடுப்படி என்னுடையது. மிளகாய் அரைத்துவிட்டுக் கை எரிய எரியப் பள்ளிக்கூடம் போவேன். டீச்சர் பாடம் நடத்தும்போது, உள்ளங்கையை ஊதிக்கொண்டே அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்ப்பேன். கூப்பிட்டுக்குவேன்... கூப்பிட்டுக்குவேன்... மாதத்துக்கு ஒரு நீலக் கடிதம் வரும். அதில் பனி, பஸ், வார்டில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவர்கள் எல்லாம் இருக்கும். அம்மாவுக்கு நான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். கடைசி வரியை மட்டும் எனக்குள் படித்துக்கொள்வேன். அது எனக்கு எழுதியது.

ஆறு வருஷம் கழித்து அக்கா லீவில் வந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்திருந்தேன். ஆள் வெளுத்திருந்தாள், தலைமுடியை வெட்டியிருந்தாள். பெட்டியைத் திறந்தால் அம்மாவுக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர் – எங்கள் தோட்டத்து வெயிலில்! எனக்கு ஒரு நீளக் கோட்டு. எல்லாவற்றுக்கும் அடியில், நாலைந்து துண்டுகளில் சுற்றி வைத்த ஒரு மெஷின்.

“என்னாடி இது?” என்றார் அம்மா.

“வெட்டும், துருவும், அரைக்கும், மாவு பிசையும். எல்லாம் ரெண்டு நிமிசம்மா.”

“எனக்கு எதுக்கு? அதான் செல்வி இருக்காளே.”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“செல்வி இருக்க மாட்டாம்மா. அவள நான் கூட்டிட்டுப் போறேன். எங்க ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். ஃபாரம் கொண்டாந்துருக்கேன்.”

அம்மா ஸ்வெட்டரை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

“நான் அஞ்சு மணிக்கெல்லாம் வேலைக்குப் போவணும். வந்து பசியோட நிக்கிறப்ப அடுப்படிய யாரு பாக்குறது?”

“அதுக்குத்தானேம்மா மெஷின்?”

அம்மா கேட்டது அடுப்படியைப் பற்றி இல்லை என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அக்காவுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. எனக்குப் பதினேழு. கேள்வி சமையலைப் பற்றி என்றால் பதிலும் சமையலைப் பற்றித்தானே இருக்கும்?

தோட்டத்தில் அப்போது சாயந்திரம் ஆறு மணிக்கு இஞ்சின் போடுவார்கள், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அந்த நாலு மணி நேரம்தான் கரண்டு. வீட்டுக்கு இரண்டு பல்பு, ஒரு பிளக். இஸ்திரிப் பெட்டி போடக் கூடாது என்று ஆபீசில் கண்டிப்பான உத்தரவு. ஃபுட் ப்ராசஸர் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாதே!

மறுநாள் மதியமே கடலைப் பருப்பை ஊறவைத்தாள் அக்கா. வடை. தண்ணீர் விடாமல் ஒன்றிரண்டாக அரைக்க வேண்டியது. மெஷினின் திறமையை அம்மாவுக்குக் காட்ட அதைவிட நல்ல பரீட்சை கிடையாது. ஆறு மணி ஆனதும் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எங்கள் அடுப்படியில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கா பருப்பைப் போட்டாள், மூடியைத் திருகினாள், அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். சுவிட்சைத் தட்டினாள்.

உர்ர்ர் என்று ஒரு சத்தம். பருப்பு ஒரு சுற்று துள்ளியது. அவ்வளவுதான். குப்பென்று இருட்டு.

எங்கள் வீடு மட்டுமில்லை, லயத்தின் வரிசை முழுக்க. கோடி வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது போலும். அங்கிருந்து ஒரே கூச்சல். “எவன்டா இஸ்திரி போட்டது?”

அந்த இருட்டில் அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிள்ளை எங்கேயாவது விழுந்துவிடுவாள் என்று பிடிப்பார்களே, அப்படி. அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அப்பாடா என்று இருந்தது. ஆறு வருஷம் கூப்பிடு கூப்பிடு என்று ஏங்கியவள் நான். கூப்பிட ஆள் வந்து நின்றதும் பயந்துவிட்டேன். கரண்டு போய் என்னைக் காப்பாற்றியது.

யாரோ மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினார்கள். தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் டார்ச் லைட்டோடு வந்து ஃபியூஸைப் பார்த்தார். மெஷினையும் பார்த்தார். நல்ல மனுஷன், திட்டவில்லை.

“அங்க ஓடுறது இங்க ஓடாது மல்லிகா. எங்க இஞ்சின் தாங்காதும்மா.”

அக்கா கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் முன்னால். அம்மா அவள் மடியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, அரைபடாத பருப்பை அம்மியில் போட்டு நசுக்கி வடை சுட்டு, டிவி நின்றுபோன வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார்.

காலையில் அம்மா வேலைக்குப் போனதும் அக்கா கேட்டாள். “நீ சொல்லு செல்வி. வர்றியா, இல்லியா?”

“அம்மா தனியா இருப்பாங்கக்கா.”

பொய் இல்லை. ஆனால் பாதிதான் உண்மை. அவள் ஃபாரத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். லீவு முடிந்து போய்விட்டாள். அதன் பிறகும் நீலக் கடிதங்கள் வந்தன. பனி இருந்தது, பஸ் இருந்தது. அந்தக் கடைசி வரி மட்டும் இல்லை.

நான் உள்ளூரிலேயே டீச்சர் ஆனேன். கல்யாணம் ஆகிப் பாரோயில் ஒரு வீட்டுக்கு வந்தேன். அம்மா தோட்டத்து வேலையை விட்டு எங்களோடு வந்தபோது இரண்டு பெட்டி கொண்டுவந்தார். ஒன்றில் துணி. இன்னொன்றில் அந்த மெஷின், அதே துண்டுகளில் சுற்றியபடி. அன்றைக்கே பிளக்கில் செருகிப் பார்த்தோம். ஓடியது! வெங்காயம் கால் நிமிஷத்தில் பொடியானது.

அம்மா வெகுநேரம் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானா? இதுக்கா அந்தப் புள்ள அப்படி அழுதிச்சி?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “மெஷின் நல்லா ஓடுதுன்னு அக்காவுக்கு எழுதிப் போடு. இன்னிக்கே எழுது” என்றார்.

எழுதினேன்.

சில வருஷம் அது உழைத்தது. ஒரு தீபாவளிக்கு முறுக்கு மாவு பிசையும்போது கிண்ணம் விரிசல் விட்டது. இங்கே மாற்றுக் கிண்ணம் கிடைக்கவில்லை. அம்மாவும் மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். அக்கா வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆகவே வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கும் வாசகிகளுக்கு, அனுபவசாலி என்ற முறையில் சொல்கிறேன். வடைப் பருப்புக்கு அதை அடிக்க ஆளில்லை. முறுக்கு, சப்பாத்தி மாவுக்கும் நல்லது. இருபது பேருக்குச் சமைக்கும் நாளில் அது தெய்வம். ஆனால் சட்னித் தேங்காய் நைசாக வராது, அதற்குப் பிளெண்டர்தான். இரண்டு வெங்காயத்துக்கு அதை எடுத்தால், வெட்டிய வெங்காயத்தில் பாதி கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் கழுவ ஆறு சாமான்! நாலு பேர் சாப்பிடும் என் வீட்டுக்குக் கத்தி தாராளமாகப் போதும். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நான் ஏன் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றேன்?

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் அக்காவுக்குப் போன் செய்தேன். அங்கே காலை.

“ஃபுட் ப்ராசஸர் ஒண்ணு வாங்கலாமான்னு பாக்குறேன்கா. நீ என்னா சொல்ற?”

சிரித்தாள். “இதுக்கா இங்கிலாந்துக்குப் போன் அடிக்கிற?”

“நீ வச்சிருக்கறது நல்லா உழைக்குதா?”

“என்கிட்ட ஏது? நான் வாங்கவே இல்லியே.”

நான் இத்தனை வருஷமும் அவள் சமையலறையில் ஒன்று இருப்பதாகவே நினைத்திருந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் வார்டுக் கதைக்குத் தாவிவிடுவாள்.

“நம்ம வீட்டுக்குக் கொண்டாந்தியேக்கா?”

“அது உங்களுக்கு. எனக்கு என்னா, ஒரு கேரட்டு, ஒரு வெங்காயம்...”

அப்போதுதான் என் வாயில் வந்தது. யோசித்துப் பேசவில்லை.

“அக்கா... அன்னிக்கி லைட்டு போச்சில்ல. எனக்கு நிம்மதியா இருந்திச்சிக்கா. உன்கிட்ட சொன்னதே இல்ல.”

ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“தெரியும்” என்றாள். “விளக்கு ஏத்துனப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்.”

“அப்புறம் ஏன் காலையில கேட்ட?”

“ராத்திரியோட மனசு மாறிருக்கும்னு நெனைச்சேன்.” பிறகு அவளே சொன்னாள். “நீ வந்திருந்தா நான் இங்க ஒண்ணு வாங்கியிருப்பேன்டி.”

அவளை டிசம்பரில் வரச் சொன்னேன். ஒரு மாதம் இரு, வந்ததும் நாம் இரண்டு பேரும் சிரம்பானுக்குப் போய், நீ பார்த்து எடுப்பதையே வாங்கலாம், அதுவரை நான் வாங்கப்போவதில்லை என்றேன்.

“பாப்போம்லா” என்றாள்.

இருபது வருஷத்துக்கு மேல் இங்கிலாந்தில் இருக்கிறாள்... நம்மூர்ப் பேச்சின் அந்த ‘லா’ மட்டும் அவளை விட்டுப் போகவே இல்லை.