இரண்டாவது பிரேக்

என் அக்காவின் கணவரைப் போல நிம்மதியில்லாத மனிதரை நான் பார்த்ததில்லை. இத்தனைக்கும் அவருக்கு ஒரு குறையும் கிடையாது. சொந்தமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் கார் ஓட்டப் பழகினார்கள். மீதிப்பேர் அவர்களுக்குப் பயந்து ஓரமாக நடக்கிறார்கள்.

பழகுபவர் வண்டியை ஓட்ட, அத்தான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுபவர் தப்பு செய்தால் மிதிப்பதற்காக வைத்தது. ஆனால் தப்பு செய்துவிடுவார்களோ என்று தோன்றினாலே அத்தான் மிதித்துவிடுவார். அவருக்கு எப்போதும் தோன்றும்.

வருடக்கணக்கில் மிதித்து மிதித்து, அந்தக் கால் அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டது. பஸ்ஸில் போனால் முன்சீட்டுக்காரரின் பையை மிதிப்பார். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டால் எங்கள் வீட்டு டீப்பாய் நகரும். வீட்டுப் பேச்சிலும் இதே கதைதான். அக்கா எதையாவது ஆரம்பித்தால் முடிப்பதற்குள் "அது சரிப்படாது" என்பார். மகள் வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது என்று சந்தோஷமாக வந்து நின்றபோது, அங்கே மழை அதிகமாயிற்றே என்றார். நடக்காத விபத்துகளைத் தடுத்தே மனிதருக்குத் தலை நரைத்துவிட்டது. கேட்டால், ஒன்றும் நடக்கவில்லையே, நான் மிதித்ததால்தானே நடக்கவில்லை என்று மடக்குவார். நடக்காத விஷயத்துக்கு நான் எங்கே போய் சாட்சி பிடிப்பது?

நானும் அவரிடம் பழகியவன்தான். லைசென்ஸ் டெஸ்டில் ஒரு நாய் குறுக்கே வந்தது. நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அங்கே இருந்த அதிகாரியும் என்னைப் பார்த்தார். நாய்தான் சுதாரித்துக்கொண்டது. எனக்கு இன்றுவரை லைசென்ஸ் கிடைக்கவில்லை. உங்களிடம் பழகியவர்கள் எல்லாருமே ஆபத்து வந்தால் ரோட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்களே என்று அதிகாரி அத்தானிடம் குறைபட்டுக்கொண்டார். அத்தான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

அக்காவுக்கும் கற்றுக்கொடுத்துப் பார்த்தார். தெருமுனை தாண்டவில்லை. அவள் கியரைத் தொடுவதற்குள் வண்டி குலுங்கி நின்றுவிடும். உனக்கு இது வராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அக்கா மறுபேச்சு பேசாமல் தலையாட்டினாள். அக்கா மறுபேச்சு பேசாவிட்டால்தான் உஷாராக இருக்க வேண்டும். கூடப் பிறந்ததால் அது எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டவருக்குத் தெரியவில்லை.

வெளியூரிலேயே வேலையும் கல்யாணமுமாகத் தங்கிவிட்ட மகளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது. முதல் பிரசவம். நீ பக்கத்தில் இருந்தால் போதும், எனக்குப் பயமே இருக்காது என்று போனில் அக்காவிடம் அழுதிருந்தாள். அத்தான்தான் காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கிளம்புவதற்குச் சில நாள் முன்னால், மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தவர் எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுப்பதை ஜன்னல் வழியே பார்த்தார். கேட்டில் இடிக்கப் போகிறது என்று தோன்றியது. மிதித்தார். அங்கே பிரேக்கும் இல்லை, படியும் இல்லை. எதிர்வீட்டுக் கார் கேட்டுக்கு ஒரு சாண் முன்னால் தானாக நின்றது. அத்தானின் வலது காலில் மாவுக்கட்டு ஏறியது.

கட்டு காய்வதற்குள் மருமகனிடமிருந்து போன். சொன்ன தேதிக்கு முன்பே மகளுக்கு வலி கண்டுவிட்டது. அத்தான் வாடகைக் காருக்குப் போன் மேல் போன் போட்டார். ஒரு டிரைவரும் அவருக்குச் சரிப்படவில்லை. ஒருவர் குரலில் அவசரம் தெரிந்ததாம். இன்னொருவர் குரலில் தூக்கம் தெரிந்ததாம். அக்கா அலமாரியைத் திறந்து கார் சாவியை எடுத்தாள். கைப்பையிலிருந்து ஒரு லைசென்ஸை எடுத்து அவர் மடியில் போட்டாள். அதில் அவள் படம் இருந்தது. அத்தான் வேலைக்குப் போன நேரங்களில் மார்க்கெட் பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் பழகியதாகச் சொன்னாள்.

"அவன்கிட்டயா?" என்றார் அத்தான். மறைத்தது அவருக்குப் பெரிதில்லை. போட்டிக்காரனிடம் போனதுதான் உறைத்தது.

"வர்றதுன்னா ஏறுங்க. எம்பொண்ணு அங்க வலியில கிடக்கா. இன்னைக்கு உங்க பயத்துக்கெல்லாம் நின்னுட்டிருக்க எனக்கு நேரமில்ல" என்றாள் அக்கா.

ஏறினார். நான் பின்னால் உட்கார்ந்தேன். வீட்டுக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. முதல் திருப்பத்தில் ஒரு பஸ் எதிரே வந்ததும் அத்தான் வழக்கம்போல மிதித்தார். மாவுக்கட்டுக் கால் தரையில் மோத, "அம்மா" என்று அலறினார். சிக்னலில் மறுபடி மிதித்தார், மறுபடி அலறினார். ஒரு சைக்கிளுக்கு, ஒரு கோழிக்கு, காற்றில் பறந்த ஒரு காகிதப் பைக்கு. எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று டாக்டர், மகள், நான் என்று மாறி மாறிச் சொல்லியும் கேட்காத மனிதருக்கு, அந்தக் கால் பாதி வழியில் புத்தி சொல்லிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்.

அப்போதுதான் ஒரு லாரி கிளைச்சாலையிலிருந்து பார்க்காமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்தது. பழக்கதோஷத்தில் நான் அத்தானைப் பார்த்தேன். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா லாரியைப் பார்த்தாள். வண்டி நேராக, குலுங்காமல் நின்றது. லாரி போனதும் கியரை மாற்றி எடுத்தாள்.

அத்தான் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்க்காத முதல் ஆள் அவள்தான்.

"என்னை நீ பாக்கவே இல்லையே" என்றார். நிஜமாகவே வருந்தினார். எனக்கே பாவமாகிவிட்டது.

"உங்களைப் பாத்தா லாரியை யாரு பாக்கறது?" என்றாள்.

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இந்த ஆற்றுப்பாலத்தை எப்போது கட்டினார்கள் என்று கேட்டார். அவர் பிறப்பதற்கு முன்பே கட்டியது. அதன் மேல் எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஆற்றைப் பார்க்க ஒழியவில்லை. நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது. ஓடுகிற வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் அக்கா அவரை எழுப்பவில்லை. இறங்கி ஓடினாள். சரியான நேரத்துக்குப் போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பேத்தி பிறந்ததும் நான்தான் கீழே வந்து அத்தானைத் தட்டி எழுப்பினேன். கண்ணைத் திறந்தவர், "எங்கேயாவது இடிச்சாளா?" என்றார்.

கட்டுப் பிரித்து மாதமாகிறது. மனசை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இப்போது பழக வருகிறவர்களுக்கெல்லாம் போதிக்கிறார், தானே கண்டுபிடித்த மாதிரி. கால் என்னவோ இன்னமும் பிரேக் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் மிதிக்கக் கொஞ்சம் தாமதிக்கிறது. அந்தச் சின்ன இடைவெளியில் அவர்களாகவே மிதிக்கப் பழகிவிடுகிறார்கள். எல்லாம் தன் போதனையின் பலன் என்கிறார். நாங்கள் மறுப்பதில்லை.

போன வாரம் பேத்தியைப் பார்க்கக் கிளம்பினோம். அக்கா சாவியை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்காமல் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்தார்.

"கால்தான் சரியாயிடுச்சே" என்றாள் அக்கா.

"சரியாயிடுச்சு. நீ ஓட்டு. நான் கொஞ்சம் தூங்கணும்."