கனிமொழி வாசித்த நான்கு நிமிடம்

யுவராணி தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியபோது அவளிடம் கொள்கை என்று எதுவும் இருக்கவில்லை. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோர் பெங்களூரில் இருக்கிறார்கள், அதை விரும்பிச் செய்கிறார்கள் என்பதையெல்லாம் பிற்பாடு யூடியூபில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

பாப்பாரப்பட்டியிலிருந்து பென்னாகரம் போகும் சாலையில் இறங்கி, உள்ளே ஒரு கிலோமீட்டர் நடந்தால் அவர்கள் வீடு. கணவன் சின்னராஜ் ஓசூரில் கான்கிரீட் கலவை லாரி ஓட்டுகிறான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான். மகள் கனிமொழிக்குப் பத்து வயது. வீட்டுக்குள் ஓயாமல் பேசுவாள், பாடுவாள், கோழியைத் திட்டுவாள், அப்பாவிடம் போனில் அரை மணி நேரம் கதை சொல்வாள். வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வந்தால்கூடப் பாதி வாக்கியத்தில் நின்றுவிடும்.

தொண்டையில் குறையில்லை, காதிலும் இல்லை. தருமபுரியில் பார்த்த மருத்துவர் இது பிடிவாதமில்லை, பயம் என்றார். பிள்ளை வேண்டுமென்று பேசாமல் இருக்கவில்லை, பேச முடியாமல் இருக்கிறாள் என்றார். அந்த வித்தியாசம் யுவராணிக்கு உடனே புரிந்துவிட்டது. பள்ளியில் ஒருவருக்கும் அதை அவளால் புரியவைக்க முடியவில்லை. 'கனி இங்க இருக்குது, மொழி எங்கடி' என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஒருநாள், வாசித்து முடித்த பிறகுதான் உட்கார வேண்டும் என்று அவளை நிற்க வைத்தார்கள். கடைசி மணி வரை நின்றாள். ஒன்றுக்குப் போக வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்தவளை மறுநாள் யுவராணி அனுப்பவில்லை. அதற்கு மறுநாளும் அனுப்பவில்லை.

அவள் நல்ல ஆசிரியை என்று சொல்வதற்கில்லை. பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிப்பைப் பாதியில் விட்டவள். பொறுமை குறைவு. பின்னங்களை முந்தின நாள்தான் தானே போனில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்து சொல்லிக்கொடுப்பாள். மகள் குறுக்குக் கேள்வி கேட்டால், "இப்ப அதா முக்கியம்?" என்று எரிந்து விழுவாள். பல நாட்களில் கேள்வி சரியாகத்தான் இருக்கும், பதில்தான் அவளுக்குத் தெரிந்திருக்காது.

தை மாதத்திலிருந்து வைகாசி வரை அந்தப் பக்கத்து வீடுகளில் புளி வேலை. மண்டிக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையைத் தட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். யுவராணி தட்டுவாள், மகள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள். வாய்ப்பாட்டைக் கொட்டைகளை வைத்துத்தான் கற்றுக்கொடுத்தாள். பத்துப் பத்தாகக் குவித்தது பாடம். குவித்ததைச் சாக்கில் அள்ளிப் போட்டது வேலை. வாசிக்காத நேரத்தில் பிள்ளையின் கை சும்மா இருந்ததில்லை. எது எங்கே முடிந்து எது தொடங்கியது என்று யுவராணி யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவர்கள் ஏப்ரல் மாதம் வந்தார்கள்.

பள்ளிக்குப் போகாத பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்த இருவர் அவர்கள். ஒருவர் பாரதி டீச்சர், ஐம்பது வயதுக்காரர். மற்றவர் கையில் படிவங்களோடு வந்த ஓர் இளைய அலுவலர். அவர்கள் வந்த நேரத்தில் கனிமொழி புளிக் குவியலுக்கு நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். விரல்கள் பழுப்பேறியிருந்தன. வாசித்துக்கொண்டிருந்த குரல், செருப்புச் சத்தம் கேட்டதுமே நின்றுவிட்டது. ஆக, அவர்கள் பார்த்ததில் புளி இருந்தது, குரல் இல்லை.

"பாப்பா ஸ்கூலுக்குப் போகலீங்களா?" என்று டீச்சர் கேட்டார்.

"வூட்டுலயே படிக்கிறாளுங்க டீச்சர்."

"என்ன, புளியா?" என்றார் அலுவலர்.

வாசிக்கச் சொன்னார்கள். கனிமொழி தரையைப் பார்த்தாள். எழுதச் சொன்னார்கள். பென்சிலைப் பிடித்த விரல்கள் மரம்போல ஆகிவிட்டன. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கு எழுத்தும் வராது. யுவராணி உள்ளே ஓடி நோட்டுகளை எடுத்துவந்து பரப்பினாள். புரட்டிப் பார்த்த அலுவலர், இது அம்மா எழுதியதாகக்கூட இருக்கலாம் இல்லையா என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்தது. ஒரு பிள்ளைக்குள் இருக்கும் அறிவு வெளியே தெரியாதபோது, அது இருக்கிறது என்று அடுத்தவர் எதை வைத்து நம்புவார்? யுவராணியிடம் தன் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை.

படிவத்தில் 'வேலைக்குச் செல்லும் குழந்தை' என்ற கட்டத்தின் மேல் அலுவலரின் பேனா போனபோது டீச்சர்தான் தடுத்தார். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்துக்கு அழைத்து வரச் சொன்னார். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் முன்னால் ஒரு பக்கம் வாசித்துக் காட்டினால் போதும், பெயரைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீட்டிலிருந்தே படிக்க அனுமதி எழுதி வாங்கித் தருவதாகச் சொன்னார். இல்லாவிட்டால் உண்டு உறைவிடப் பள்ளிதான், வேறு வழியில்லை.

"அங்க நாலு பிள்ளைங்களோட இருந்தா தானா பேசிரப் போறா" என்றார் அலுவலர், கிளம்பும்போது. கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல.

யுவராணிக்கு அந்த விடுதி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே சோறு போதவில்லை என்று சொல்ல வேண்டும், வயிறு வலிக்கிறது என்று சொல்ல வேண்டும், கழிவறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்க வேண்டும். எதையும் சொல்லாமல் மகள் அங்கே நின்றுகொண்டிருப்பாள்.

கையில் ஒன்பது நாள் இருந்தது. பஸ்ஸில் "ரெண்டு பாப்பாரப்பட்டி" என்று சொல்ல மகளைப் பழக்கினாள். வீட்டில் கனிமொழி ஐம்பது முறை சொன்னாள், கண்டக்டர் மாதிரி விசிலடித்துக்கூடக் காட்டினாள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்டு, காத்திருந்து, அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பஸ் ஏறினார்கள், அதிலும் அப்படியே. கடைவீதியில் ஒரு பென்சில் வாங்கிவர அவளைத் தனியாக அனுப்பிவிட்டு யுவராணி எதிர்ப்புறம் நின்றாள். முன்னால் வந்தவர்கள், பின்னால் வந்தவர்கள் எல்லோரும் வாங்கிக்கொண்டு போனார்கள். இருபது நிமிடம் கழித்து, வியர்வையில் ஊறிய பத்து ரூபாய்த் தாளோடு கனிமொழி திரும்பி வந்தாள். பஸ் நிறுத்தத்தில் வைத்து யுவராணி அவளை அறைந்தாள். மகளை அதற்கு முன் அடித்ததே இல்லை என்று சொல்ல முடியாது. பேசாததற்காக அடித்தது அதுதான் முதல் முறை.

வியாழக்கிழமை மதியம் அவளுக்கு அந்த யோசனை வந்தது. போனில் பதிவை ஓடவிட்டு, காலிச் சாக்கின் மடிப்புக்குள் வைத்துவிட்டு, வழக்கம்போலப் புளி தட்ட உட்கார்ந்தாள். வாசி கண்ணு என்றாள். கனிமொழி தாவரத்தின் பாகங்கள் பாடத்தை எடுத்தாள். இரண்டு பத்தி ஒழுங்காக வாசித்தாள். பிறகு அவளுக்கு அலுத்துவிட்டது, லோடு ஆட்டோவில் மைக் கட்டி வெங்காயம் விற்பவரின் குரலுக்கு மாறினாள்.

"வேரு வாங்குங்க, தண்டு வாங்குங்க, இல எல்லாம் காலையில பறிச்சதுங்க. வாங்கக்கா, ஒளிச்சேர்க்கை பண்ணுன இலைங்க. பூ வாங்குனா மகரந்தம் ஃப்ரீங்க."

யுவராணி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவில் விழுந்தது. நான்கு நிமிடம்.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் டீச்சர், அந்த அலுவலர், இன்னொரு மேலதிகாரி என மூன்று பேர் இருந்தார்கள். கனிமொழி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புத்தகத்தைக் கொடுத்தார்கள், காத்திருந்தார்கள். மேலதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபோது யுவராணி போனை மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு மூவரும் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார்கள். வெங்காயக்காரர் குரல் வந்தபோது மேலதிகாரி வாய்விட்டுச் சிரித்துவிட்டார், டீச்சரும் சிரித்தார். கேலிச் சிரிப்பல்ல, சந்தோஷப்பட்டுத்தான் சிரித்தார்கள். கனிமொழி முந்தானையை விட்டாள். மேசையருகே போய்ப் போனின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள். மீதிக் குரல் அவள் கைக்கு அடியிலிருந்து வந்து முடிந்தது.

"இவ்வளவு நல்லாப் படிக்கிற பிள்ளையை வெச்சிக்கிட்டு ஏம்மா பயந்தீங்க?" என்றார் மேலதிகாரி. கையெழுத்துப் போட்டார். கோப்பில் வைக்க வேண்டும் என்று டீச்சர் கேட்க, யுவராணி அந்தப் பதிவை அவருக்கு அனுப்பினாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்தது, நிம்மதியில். மகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியில் அவள் பேசாதது வழக்கம்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் பேசவில்லை. சாப்பிடும்போதும் பேசவில்லை. கோபம், காலையில் சரியாகிவிடும் என்று யுவராணி நினைத்துக்கொண்டாள்.

காலையில் சரியாகவில்லை. மூன்றாம் நாள் கெஞ்சினாள், ஐந்தாம் நாள் கத்தினாள். பத்தாம் நாள், நீ பேசாவிட்டால் விடுதியில் விட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டாள். சின்னராஜ் போன் செய்தால் கனிமொழி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தாள். பாடம் மட்டும் நடந்தது. கணக்கைக் கொடுத்தால் போட்டாள், கேள்வியைக் கொடுத்தால் பதிலெழுதினாள், பிழையில்லாமல். வீட்டில் புளி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்த சின்னராஜ் மகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு மனைவியிடம் கேட்டான். "எங்கிட்ட கேக்க வேண்டாம். அவகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா ஒத்துக்குவாளா?"

"அப்ப தெரிஞ்சேதான செஞ்சிருக்க."

மகள் விடுதிக்குப் போகாமல் இருந்தது அந்தப் பதிவால்தான். அது உண்மை. பேச முடியும் என்று மகள் நம்பிய ஒரே இடம் இல்லாமல் போனதும் அந்தப் பதிவால்தான். அதுவும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றைக் கழித்துவிட முடியவில்லை.

இருபத்திரண்டாம் நாள், பின்னக் கணக்கு நோட்டின் அடியில் கனிமொழி எழுதியிருந்தாள்: 'அத அழிச்சிடு.'

யுவராணி போனை எடுத்தாள். மூன்று வாரமாக வீட்டில் இல்லாத குரல் அதில் இருந்தது. ஒரே ஒருமுறை கேட்டுவிட்டு அழிக்கலாம் போலிருந்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் அழித்தாள். கனிமொழி நோட்டை இழுத்து அடுத்த வரியை எழுதினாள்: 'டீச்சர் போன்ல?'

மறுநாள் யுவராணி பாரதி டீச்சர் முன்னால் போய் நின்றாள். டீச்சருக்கு விஷயம் விளங்கச் சற்று நேரமானது. விளங்கியதும் தன் போனிலிருந்து உடனே அழித்தார். ஆனால் பதிவு வந்த அன்றைக்கே அதை அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். எல்லோரும் கைதட்டும் படம் போட்டிருந்தார்கள். இத்தனை நாள் கழித்து அங்கிருந்து எடுக்க வராது.

"நல்லதுக்குத்தானம்மா போட்டேன். இப்படியும் சொல்லிக்கொடுக்கலாம்னு நாலு பேருக்குத் தெரியட்டுமேன்னு."

"எத்தன பேருங்க டீச்சர்?"

"என்னைத் தவிர பதினாலு பேர்."

கோப்பில் இருப்பதை வேண்டுமானால் நீக்கலாம், ஆனால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். அப்படிச் செய்தால் ஜூன் மாதம் பிள்ளை நேரில் வந்து மறுபடி வாசிக்க வேண்டியிருக்கும், வாசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். "யோசிச்சு செய்யும்மா. கையில கிடைச்சதை விட்டுடாதே."

யுவராணி ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினாள். எழுதும்போது இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வீட்டுக்குப் போய், எல்லாம் அழிந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். பஸ்ஸில் வழியெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தாள். மகளுக்கு எப்படித் தெரியும்? ஆனால் முந்தைய முறையும் அவள் இப்படித்தான் யோசித்திருந்தாள்.

"டீச்சர் போன்ல அழிச்சாச்சு கண்ணு. ஆபீஸ்லயும் எடுத்துர்றாங்க" என்றாள். "இன்னும் பதினாலு பேர் போன்ல இருக்குதாம். அத என்னால எடுக்க முடியல."

கனிமொழி அவளையே பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, ஓரத்தில் ஒன்று முதல் பதினாலு வரை எண் போட்டாள். நோட்டையும் பென்சிலையும் அம்மா பக்கம் நகர்த்தினாள்.

யுவராணிக்குத் தெரிந்தது இரண்டே பேரைத்தான். கணக்கெடுக்க வந்த அலுவலர், கையெழுத்துப் போட்ட மேலதிகாரி. பெயர்களை எழுதினாள். மீதி பன்னிரண்டு வரி காலியாக இருந்தது. கனிமொழி அந்தத் தாளைக் கிழித்து, நான்காக மடித்து, அம்மா கையில் கொடுத்தாள். வாய் திறக்கவில்லை.

மறுநாள் காலை யுவராணி மண்டிக்காரரிடம் இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, அந்தத் தாளோடு அலுவலகத்துக்குப் பஸ் ஏறினாள்.