பாமசியில் சொல்லாத குளிசை

இன்பமலருக்கு மனச்சோர்வு என்று வைத்தியர் சொன்னபோது, கணவர் பேணாட் முதலில் கேட்டது, இது வெளியில் யாருக்கும் தெரியவருமா என்பதைத்தான். மகள் சுதர்ஷிகாவுக்கு நிலாவெளியில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

மனச்சோர்வுக்கு வைத்தியர் எழுதிய குளிசை தொடங்கியபோது அவளுக்குக் குமட்டியது, நித்திரை குழம்பியது. வைத்தியர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படாமல் குடித்தாள். சில கிழமைகளில், மாதக்கணக்காகத் தூசி படிந்து கிடந்த தையல் மெசினில் மறுபடி உட்கார்ந்தாள். குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது, வேறு மருந்து வாங்கும்போது இதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றிருந்தார் வைத்தியர். ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது என்றிருந்தார் பேணாட்.

மெசின் மிதித்து முழங்கால் வீங்கியது. பாமசிக்காரர் நோவுக் குளிசையை எடுத்தபடி, வேறு மருந்து ஏதும் குடிக்கிறாளா என்று கேட்டார். பக்கத்தில் அவர்களுடைய தேவாலயப் பங்கைச் சேர்ந்த இரண்டு பெண்கள் நின்றார்கள். இல்லை என்றாள்.

இரண்டு குளிசையும் சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியக்கூடும் என்று அவளுக்குத் தெரியாது. மலம் தார்போலக் கறுத்ததை வெட்கத்தில் மறைத்தாள். மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று, தேத்தண்ணித் தட்டோடு குசினி வாசலில் மயங்கி விழுந்தாள். மாப்பிள்ளையின் தாயும் கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அவள் வழமையாகக் குடிக்கும் மருந்துகள் என்னவென்று டொக்டர் கேட்டார்.

"முழங்காலுக்கு மட்டும்தான். வேறையொண்டும் இல்லை" என்றார் பேணாட்.

கண்ணைத் திறக்கவும் ஏலாமல் கிடந்த இன்பமலருக்கு அது கேட்டது. சம்பந்தக்காரி கட்டிலடியில் நிற்பதும் தெரியும்.

"இல்லை டொக்டர். மனச்சோர்வுக்கும் குடிக்கிறனான்."

நோவுக் குளிசையை உடனே நிறுத்தி, இரத்தம் ஏற்றினார்கள். மற்றக் குளிசையை என்ன செய்வதென்று அவளுடைய வைத்தியரோடு பேசி முடிவெடுத்தார்கள். அவள் பிழைத்தாள். சம்பந்தம் முறிந்தது.

வீட்டுக்கு வந்தபின் பேணாட் முகம் பாராமல் சொன்னார். "அந்த மனிசி போனாப்பிறகு டொக்டரிட்டச் சொல்லியிருக்கலாம்தானே."

"அதுக்குள்ள நான் போயிருந்தா?"

அவர் எழுந்து சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்போதெல்லாம் கிளினிக்குக்கு மகள்தான் துணை வருகிறாள். ஆனால் உள்ளே வருவதில்லை. தெரிந்தவர்கள் கண்டால் வேறு அலுவலாக வந்ததாகச் சொல்லலாம் என்று, வீதிக்கு மறுகரையில் நின்றுகொள்கிறாள்.