சொல்லிக்கொள்ளாமல் வைத்த போன்

அறிவரசனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் துபாயில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று, "அக்கா, கேக்குதா? அக்கா?" என்று கத்திக்கொண்டிருந்தான். அக்காவுக்குக் கேட்டிருக்காது. எங்கள் கேம்ப் முழுக்கக் கேட்டது. எந்த ஊர் என்று விசாரித்தேன். ரெட்டிபாளையம் என்றான். எனக்குப் பூலாம்பாடி. ஊரில் இருந்தால் அவன் அரியலூர் ஜில்லா, நான் பெரம்பலூர் ஜில்லா, ஒருத்தனை ஒருத்தன் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். அங்கே ஒரே அறைக்கு மாறிக்கொண்டோம்.

ஊரில் சிமெண்ட் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவன். துபாயில் கிரேன் தூக்கும் சுமைக்குக் கயிறு கட்டி, வாக்கிடாக்கியில் கிரேன் ஓட்டுபவனுக்குச் சொல்கிற வேலை. அவன் நிறுத்து என்றால் ஒரு லாரி கனமுள்ள இரும்பு அந்தரத்தில் நிற்கும். பகல் முழுக்க அவன் வாயிலிருந்து வரும் சொல் ஒன்றுகூட வீணாகாது. சாயங்காலம் அறைக்கு வந்தால் அக்காவிடம் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடிக்க முடியாது.

அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரலைப் பதிந்து அனுப்பலாம், நேரடியாகக் கூப்பிட மட்டும் முடியாது. கூப்பிடுவதற்கென்று தனிச் செயலி, அதற்கு மாதக் கட்டணம். கேம்ப் வைஃபையில் சாயங்காலமானால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். முகம் தெரிந்தால் குரல் வராது, குரல் வந்தால் பாதி வார்த்தை கிணற்றுக்குள்ளிருந்து வரும். சேவை மையத்துக்குப் போன் போட்டால் முதலில் பாட்டு, அப்புறம் அரபி, அப்புறம் ஆங்கிலம், அப்புறம் மறுபடி பாட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பாட்டைப் போட்டவனைத்தான் முதலில் தேடியிருப்பேன். அறிவரசன் கோபப்பட மாட்டான். "அவனுங்களும் சம்பளத்துக்குத்தான்டா உக்காந்திருக்கானுங்க" என்பான். இப்படிப்பட்டவன் தலையில்தான் ஒரு பழி விழுந்தது.

அவன் அக்கா ஜோதியைத் திருமழபாடியில் கொடுத்திருந்தது. அக்கா புருஷன் ராசாங்கம் மாமா நல்ல மனிதர், ஆனால் ரோஷக்காரர். அவருடைய அம்மா கொளஞ்சியம்மாள் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அறிவரசன் மனைவிக்கு அப்போதுதான் பிரசவமாகியிருந்தது. அதனால் அவன் வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை. ராசாங்கம் அதை மனதில் வைத்திருந்து ஒரு நாள் போனிலேயே கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"எங்கம்மா கெடையா கெடந்தப்ப உன் வூட்டுலேருந்து ஒரு ஆளு வந்து எட்டிப் பாத்துச்சா மாப்ள?"

"மாமா, அதுவந்து..." என்று அறிவரசன் ஆரம்பித்தான். அதோடு லைன் அறுந்தது.

அறுந்தது அறுந்ததுதான். கேம்ப்பில் வைஃபையே படுத்துவிட்டது. செயலியின் கட்டணமும் அன்றோடு காலி. எங்கள் யார் கையிலும் டாப்அப் வாங்கக் காசில்லாத மாதக் கடைசி. சம்பளம் வந்து, "மாமா, லைன் கட்டாயிடுச்சு" என்று குரலைப் பதிந்து அனுப்புவதற்குள் அங்கே எல்லாம் முடிந்திருந்தது. கேள்விக்குப் பதில் சொல்ல வக்கில்லாமல் போனை வெட்டிவிட்டான் என்று ராசாங்கம் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அவன் நம்பரை பிளாக் செய்தார். ஜோதி பிறந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் அந்த அக்கா கொல்லைப்புறத்தில் நின்று திருட்டுத்தனமாக அனுப்பும் குரல் செய்திதான் இவனுக்கு. ரெட்டிபாளையத்திலிருந்து அம்மா போன் பண்ணும்போதெல்லாம், "உம் போனு கட்டானதுக்கு நான் ஏண்டா எம் பொண்ணப் பாக்காம கெடக்கணும்?" என்று அழுவாள்.

இப்படி இரண்டு பொங்கல் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜோதியிடமிருந்து செய்தி வந்தது.

"தம்பி, எங்க மாமியா காலையில தவறிட்டாங்க. அம்மாவும் உம் பொண்டாட்டியும் வந்துட்டாங்க. நீயும் ஒரு வார்த்த கேட்டுடு. என் நம்பருக்குப் போடு, அவரு கையில குடுக்கறேன். துக்கம் கேக்குற போன யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க. இதையும் வுட்டுட்டீன்னா அப்புறம் எனக்குப் பொறந்த வூடே இல்லாமப் போயிரும்."

செயலி திறக்கவில்லை. புது அப்டேட் கேட்டது. அப்டேட் பாதியில் நின்றது. சேவை மையத்தில் ஒரு பெண் என்னுடைய புகாருக்கு எண் கொடுத்தாள். "ஒரு சாவுக்குப் பேசணும்மா" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். உங்கள் பொறுமைக்கு நன்றி என்றாள். எனக்கு ஏது பொறுமை?

கடைசியில் அறிவரசன் தன் சிம்மில் மிச்சமிருந்ததை வைத்து நேரடியாகவே ஐஎஸ்டி போட்டான். ஜோதி எடுத்தாள். பறைச் சத்தம் எனக்கே கேட்டது. போன் கை மாறியது.

"மாமா," என்றான். நிறுத்தாமல் அவனே தொடர்ந்தான்.

"ஆலையிலேருந்து உங்க வூட்டுக்கு வந்தா அத்தை மொதல்ல என் தலையத் தட்டிப் பாக்கும் மாமா. சிமெண்டு தலையோட சோத்துல கைய வைக்காதன்னு சீயக்காய எடுத்துக் குடுக்கும். இனிமே யாரு மாமா என் தலைய..."

குரல் உடைந்து அழுதான். அந்தப் பக்கமும் ஒரு ஆணின் அழுகை கேட்டது. அப்போது லைன் போனது. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது.

அறிவரசன் போனை வெறித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "மறுபடியும் வெட்டிட்டேன்னுதான்டா சொல்லுவாரு. செத்த வூட்டுலயும் வெட்டுனான்னு சொல்லுவாரு." நான் லுங்கியோடு கடைக்கு ஓடி டாப்அப் போட்டுக்கொண்டு வந்தேன். அவன் எண்ணை அழுத்தப் போகும்போது ஜோதியின் குரல் செய்தி வந்து விழுந்தது.

"தம்பி, திருப்பிக் கூப்பிட்டுறாத. மாமா போன என் கையில குடுத்துட்டு, எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு. 'எம் மச்சான் எந்தத் தேசத்துல இருந்தாலும் முறை தெரிஞ்சவன். துக்கம் கேட்டுட்டு, வச்சிடறேன் வரேன்னு ஒரு சொல்லுச் சொல்லாம வச்சான் பாரு'ன்னாரு. நீ பேசாம இரு."

துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அது அந்த நேரத்தில் மறந்தே போயிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை. "பொய்யில கெடைச்ச பேருடா இது" என்றான்.

காரியம் முடிந்ததும் ஜோதி ரெட்டிபாளையம் வந்து அம்மாவோடு தங்கிவிட்டுப் போனாள். அவனுக்கு மட்டும் அந்தப் பொய்ப் பேர் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருஷம் இரண்டு பேருக்கும் ஒன்றாக விடுப்புக் கிடைத்தபோது என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு திருமழபாடி போனான். ராசாங்கம் வாசலுக்கு வந்து கையைப் பிடித்தார். ஜோதி கொள்ளிடத்து மீன் குழம்பு வைத்திருந்தாள். ராசாங்கம் இவன் தலையைப் பார்த்து, "சுத்தமாத்தான் இருக்கு, சாப்புடு" என்றார். இவன் கண் கலங்கிவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அவன் ஆரம்பித்தான். வேண்டாம் என்று நான் ஜாடை காட்டியும் கேட்கவில்லை.

"மாமா, அன்னைக்கு நான் முறைக்காக போன வைக்கல. பேலன்ஸ் தீந்து கட்டாயிடுச்சு."

ராசாங்கம் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "இனிமே யாரு மாமா என் தலையன்னு பாதியில நின்னுச்சு. அழுவுறவன் எவனாவது அப்புடிப் பாதியில போன வைப்பானா? எனக்கு அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் மாமா ஊருக்கு முன்னாடி அப்புடிச் சொன்னீங்க?"

"மொதத் தடவ தானா கட்டானத நீ வெட்டுனன்னு ஊருக்கு முன்னாடிதான மாப்ள சொன்னேன்?"

எத்தனை கோபக்காரராக இருந்தாலும் அந்த மனிதர் மேல் எனக்கு அன்றைக்கு மரியாதை வந்தது.

கிளம்பும் நேரம் வந்தது. சாவுக்குப் பிறகு முதல் முறையாக வந்திருக்கிறோம், சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அறிவரசன் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

"மாப்ள," என்று ராசாங்கம் கூப்பிட்டார். "துக்கம் நீ போனுலயே கேட்டாச்சு. இன்னைக்கு வாயத் தொறந்து சொல்லிட்டுப் போ."

அறிவரசன் திரும்பி நின்றான்.

"போயிட்டு வரேன் மாமா" என்றான். முழுசாகச் சொன்னான்.