லேபிளில் இருப்பது நான் இல்லை

இது கதை இல்லை. எனக்கு நடந்தது. நம்புங்கள் என்று நான் யார் காலிலும் விழப் போவதில்லை. இந்தத் தீபாவளிக்குப் புஸ்வாணம் வாங்கியிருந்தால், காலிப் பெட்டி இன்னும் வீட்டில் எங்காவது கிடந்தால், எடுத்துப் பாருங்கள். மேலே ஒரு பெண்ணின் படம் இருக்கிறதா? பச்சைப் பட்டு, லேசான சிரிப்பு, வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி?

அந்தப் பச்சைப் பட்டு என்னுடையது. மற்றது எதுவும் என்னுடையது இல்லை.

என் பெயர் கீர்த்திகா. சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற சாலையில் எங்கள் பட்டாசுக் கம்பெனி இருக்கிறது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். முதலாளி என் அப்பா நவநீதகிருஷ்ணன். நான் ஒரே பிள்ளை. படிப்பை முடித்துவிட்டு வந்து ஆர்டர் பிடித்தேன், லோடு அனுப்பினேன், வடக்கத்தி வியாபாரிகளிடம் இந்தியில் மல்லுக்கட்டினேன். ஆனாலும் ஆபீஸுக்கு வருகிறவன் எல்லாம் என் தலைக்கு மேலே எட்டிப் பார்த்து, "அப்பா இல்லையா பாப்பா?" என்றுதான் கேட்பான். பற்றிக்கொண்டு வரும்.

போன சித்திரையில் அப்பா இறங்கி வந்தார்.

"இனிமே கம்பெனிக்கு ஒம் மொகந்தான் பாப்பா. டைரக்டரா ஒன்னையப் போடுறேன். புதுப் புஸ்வாணப் பெட்டியிலயும் ஒம் போட்டோதான்."

எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. பட்டாசுப் பெட்டியில் முகம் அச்சானால் அந்த முகம் காஷ்மீர் வரைக்கும் போகும். நான் அதற்குத்தான் வருடக்கணக்காகக் காத்திருந்தேன். என் முகத்தை நாடே பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அதில் என்ன தப்பு?

அம்மாவும் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தாள். விருதுநகரில் ஒரு வரனுக்கு ஜாதகம் பொருந்தியிருந்தது. அவர்களுக்கும் நல்ல போட்டோ ஒன்று அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று போட்டோகிராபர் பாலகுருவைப் பேசினேன். விருதுநகர்க்காரர். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எடுக்க மாட்டார். முகம் மட்டும்தான் எடுப்பார். டாக்டர், வக்கீல், கடை முதலாளி எல்லோரும் தேடிப் போகிற ஆள். பெண் பார்க்க ஒரு படம், கம்பெனி வெப்சைட்டுக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று என்று பேச்சு.

எங்கே எடுப்பது என்பதை அப்பா முடிவு செய்தார்.

"நம்ம கம்பெனியிலயே எடு. ஒம்பதாம் ரூம் செவுரு புதுசா வெள்ளையடிச்சுக் கெடக்கு. பளிச்சுன்னு இருக்கும்."

ஒன்பதாம் ரூம் ஏன் புதிது என்று எனக்குத் தெரியும். முந்தின வருடம் அது வெடித்துச் சிதறியது. செத்தது மூன்று பேர். அப்பா கணக்கில் இரண்டு பேர். மூன்றாவது ஒரு பெண். காண்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள் என்பதால் கம்பெனிப் பதிவில் அவள் பெயர் இல்லை. அவள் புருஷன் வந்து கேட்டபோது அப்பா ஆபீஸ் வாசலில் நின்று சொன்ன பதில், உள்ளே இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"எங் கம்பெனியில அப்படி ஒரு பொம்பள கெடையவே கெடையாது. இருந்தான்னா அவ மொகத்தக் காட்டு. எங் கம்பெனிக்குள்ள அவ மொகம் இருக்கிற மாரி ஒரே ஒரு போட்டோவக் காட்டு. நட்டஈடு தாரேன்."

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போனுக்கே அனுமதி கிடையாது. போட்டோவுக்கு அவன் எங்கே போவான்? அது அப்பாவுக்கும் தெரியும். அவன் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றுவிட்டுப் போய்விட்டான். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்றுகூட நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ எடுக்கப் போனோம். அன்று வேலை கிடையாது; முதலாளி மகள் என்பதால் கேமராவையும் உள்ளே விட்டார்கள். அம்மா கேட்டுக்கு வெளியே காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே நானும் பாலகுருவும் மட்டும். சாயங்காலம் நாலரை மணி. பேய்க்கு உண்டான நேரம் இல்லை என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேப்பமரம், நிழல், வெள்ளைச் சுவர், எங்கேயும் ஒரு ஈ காக்கை இல்லை.

"அருமையான வெளிச்சம் மேடம். பிளாஷே வேணாம்" என்றார் பாலகுரு. ஸ்டாண்டில் கேமராவை மாட்டினார். அதன் குட்டித் திரையை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் எப்படி நிற்கிறேன் என்று நானே பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பிறகு அவர் ஏதோ பட்டனைத் திருகிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்.

"அந்த அக்காவக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க மேடம்."

"எந்த அக்கா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். என் பக்கத்தில் யாரும் இல்லை.

"சாரி மேடம். யாரோ நின்ன மாரி இருந்துச்சு."

நான் திரையைப் பார்த்தேன். இந்தக் காலத்துக் கேமரா மனித முகத்தைக் கண்டுபிடித்தால் அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும். என் முகத்தில் ஒரு கட்டம் இருந்தது. என் தோளுக்குப் பக்கத்தில், வெறும் சுவரில், இன்னொரு கட்டம் இருந்தது.

"செவுத்துல கறை ஏதாச்சும் இருக்கும். கேமரா ஏமாந்துரும்" என்றார் அவர்.

திரும்பிப் பார்த்தேன். கறை எதுவும் இல்லை. புதுச் சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

கன்னம் அரித்தது. தொட்டுப் பார்த்தேன். விரலில் வெள்ளியாக ஏதோ ஒட்டியிருந்தது. அலுமினியப் பவுடர். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற பெண்களுக்கு முழங்கை வரைக்கும் இப்படித்தான் பூசியிருக்கும். துடைத்தேன். மறுபடியும் அரித்தது. மறுபடியும் வெள்ளி.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

டக்... டக்... டக்...

குழலுக்குள் மருந்தைக் குத்தி இறுக்குகிற சத்தம். பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தம், எனக்குத் தெரியாதா? ஒன்பதாம் ரூமுக்குள்ளிருந்துதான் வந்தது. கதவில் பூட்டு தொங்கியது.

"உள்ள ஆளு இருக்காகளா மேடம்?"

"இன்னைக்கு லீவு."

டக்... டக்...

நின்றுவிட்டது.

"சீக்கிரம் எடுத்து முடிங்க" என்றேன். பயந்துவிட்டேன். ஆனால் முதலாளி மகள் ஒரு போட்டோகிராபருக்கு முன்னால் ஓட முடியுமா?

திரையில் அந்த இரண்டாவது கட்டம் நகர்ந்தது.

மெதுவாக... என் தோள்... என் காது... என் கன்னம்...

ஒரு கட்டத்தின் மேல் இன்னொரு கட்டம் வந்து உட்கார்ந்தது.

பிறகு ஒரே கட்டம்.

"இப்பச் சரியா வந்துருச்சு" என்றார் பாலகுரு. அவர் பார்வை திரையில்தான் இருந்தது. "அப்படியே சிரிங்க... இதுதான் மேடம். இந்தச் சிரிப்புத்தான்."

நான் சிரிக்கவில்லை.

திரையில் இருந்தவள் சிரித்தாள்.

க்ளிக்.

அவர் தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். கேமராவைக் கழற்றினார். மெமரி கார்டை எடுத்து என் கையில் வைத்தார்.

"காப்பி எதுவும் எங்கிட்ட வேணாம் மேடம். நீங்களே வச்சுக்கோங்க."

அதற்குப் பிறகு அவர் என் போனை எடுத்ததே இல்லை.

அந்தக் கார்டை அங்கேயே உடைத்துப் போட்டிருக்கலாம். அந்த எண்ணத்தோடுதான் வீட்டுக்கு வந்தேன். உடைக்கும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று கம்ப்யூட்டரில் போட்டேன். கடைசிப் படம்... என்ன சொல்ல? நான்தான். ஆனால் என்னைவிட நன்றாக இருந்தேன். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். மூன்றுக்கும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நானேதான்.

அம்மா மட்டும் கண்ணைச் சுருக்கினாள்.

"மூக்கு எப்பக் குத்துனே? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

நான் மூக்குக் குத்தியதே கிடையாது. படத்தில் வலது மூக்கில் ஒரு புள்ளி மின்னியது. பவுடர் தூசி என்று நினைத்து அழித்தேன். அச்சாபீஸிலிருந்து புரூப் வந்தபோது புள்ளி மறுபடியும் இருந்தது. அழிக்கச் சொன்னேன். லேபிள் அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கியபோது அது புள்ளி இல்லை. ஒற்றைக்கல் மூக்குத்தி. முகமும் மாறியிருந்தது. அந்தப் பெண்ணை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

ஆனி மாதம் விருதுநகர் வரன் வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையிலிருந்து காபியை வாங்கினாள். என்னைத் தாண்டி உள் அறையைப் பார்த்தாள்.

"பொண்ணக் கூப்பிடுங்க."

"இவதான் எங்க பொண்ணு" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் தன் போனை எடுத்துப் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"போட்டோவுல இருக்கிற பொண்ணக் கேட்டேன்."

காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். அவமானத்தில் எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அதற்குள் என் போன்கூட என்னைக் கைவிட்டிருந்தது. முகத்தைக் காட்டினால் திறக்காது. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனேன். கேமரா முன்னால் உட்கார்ந்தேன். திரையில் அவள் வந்தாள். போட்டோ எடுத்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேமராவைத் துணியால் துடைத்தார். மறுபடியும் அவள்தான் வந்தாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

லேபிளை நிறுத்துங்கள் என்று அப்பாவிடம் அழுதேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா? அந்தப் படம் போட்ட பெட்டிதான் வேணும்னு வடக்க இருந்து கேட்டு வாங்குறான். சீசன் நேரத்துல லேபிள மாத்துவாகளா?"

ஆடி மாதக் கடைசியில் அவன் வந்தான். அந்த மூன்றாவது பெண்ணின் புருஷன், பாண்டிமுருகன். கையில் எங்கள் புஸ்வாணப் பெட்டி.

"மொதலாளி, கம்பெனிக்குள்ள அவ மொகத்தக் காட்டுன்னீக. இந்தா இருக்கு. ஒங்க கம்பெனி பேரப் போட்டு நீகளே அச்சடிச்சிருக்கீக. இது எம் பொண்டாட்டி முத்துமாரி."

அப்பா அசரவில்லை. ஒரு நிமிடம் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து அவன் முன்னால் நிறுத்தினார்.

"இது எம் மக போட்டோ. அந்தப் பட்டு எம் மக பட்டு. பாப்பா, நீயே சொல்லு. பெட்டியில இருக்கிறது யாரு?"

பாண்டிமுருகன் என்னைப் பார்த்தான். நான் இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒன்பதாம் ரூமில் அவள் செத்தது உண்மை என்று ஆகும். கேஸ் வரும். லைசென்ஸ் போகும். டைரக்டர் நாற்காலியும் போகும்.

"நான்தான்" என்றேன்.

அவன் கத்தவில்லை. பெட்டியை மேஜை மேல் வைத்தான்.

"சரி தாயி. அப்ப நீகளே இருங்க."

போய்விட்டான்.

மறுநாள் காலை முகம் கழுவினேன். விரலில் ஏதோ தட்டியது. வலது மூக்கில் ஒரு துளை. ரத்தம் இல்லை, வலி இல்லை. என்றைக்கோ குத்தி ஆறிப்போன பழைய துளை.

தீபாவளி வந்தது. நான் மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தேன். தெருவில் பிள்ளைகள் வெடித்து முடித்துவிட்டுக் காலிப் பெட்டிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். குபுகுபுவென்று எரிகிற சத்தம் கேட்டது. அந்த நேரம் என் இடது கன்னம் சுரீர் என்றது. கண்ணாடியைப் பார்த்தேன். காசு அளவுக்கு ஒரு கொப்புளம். விடிவதற்குள் நெற்றியில் ஒன்று. காதோரம் ஒன்று. எண்ணெய் தெறித்ததா என்று டாக்டர் கேட்டார். ஆமாம் என்று சொன்னேன்.

முத்துமாரியின் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து அடைத்தவள், வெடித்த அன்று வேலைக்கு வராததால் தப்பியவள், அய்யம்மாள் என்று விசாரித்து, ஆனைக்குட்டத்தில் அவள் வீட்டுக்கே போனேன். முகத்தைத் துப்பட்டாவால் மூடியிருந்தேன். முத்துமாரி எப்படி இருப்பாள் என்று கேட்டேன்.

"நல்ல மொகம் தாயி. சிரிச்சா அம்புட்டு அழகா இருப்பா" என்றாள். துப்பட்டா கொஞ்சம் விலகியது. அவள் என் மூக்கைப் பார்த்தாள். கொப்புளங்களைப் பார்த்தாள். எழுந்து வாசல் கதவைச் சாத்தினாள்.

"சொல்லுங்க."

"ஆஸ்பத்திரியில அடையாளங் காட்ட நானுந்தான் அவ புருசன் கூடப் போனேன். மொகம்னு ஒண்ணு மிச்சமில்ல தாயி. எல்லாம் எரிஞ்சு போச்சு. அந்த ஒத்தக்கல்லு மூக்குத்திய வச்சுத்தான் அவன் அடையாளங் கண்டான்."

அடுத்த சீசனுக்கும் அதே லேபிள்தான் என்று அப்பா நேற்று அச்சாபீஸுக்குச் சொல்லிவிட்டார். ராசியான முகமாம். என்னை நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னார்.

எத்தனை பெட்டி வெளியே போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். லோடு அனுப்பியது நான்தானே. இன்னும் கார்த்திகை இருக்கிறது. புஸ்வாணம் விடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காலிப் பெட்டியை மட்டும் தயவுசெய்து தீயில் போடாதீர்கள். கிழித்துக் குப்பையில் போட்டுவிடுங்கள்...

இல்லை. வேண்டாம். கிழிக்கவும் வேண்டாம்.