மூலையில் வைத்த வூஃபர்

இது கதையில்லை. நம்பாவிட்டால் விடுங்கள். 1985 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பரங்குன்றத்தில் என் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. நடந்ததைச் சொல்லப் பயமில்லை. ஏன் நடந்தது என்று சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

அப்போது புது ஸ்டீரியோ செட் வாங்கியிருந்தேன். இரண்டு ஸ்பீக்கர், தனியாக ஒரு பெரிய வூஃபர் பெட்டி. வூஃபரை எங்கே வைத்தாலும் பேஸ் என்கிற அடிச்சத்தம் சரியாக விழவில்லை. ரேடியோ மெக்கானிக் கருத்தக்கண்ணன்தான் வழி சொன்னான்.

"பெட்டிய நீங்க உக்கார்ற எடத்துல வச்சுட்டு, நீங்க தவழ்ந்து பாருங்கண்ணே. எங்கிட்டு நல்லா 'தொம்'முன்னு கேக்குதோ, அங்கனதான் பெட்டி."

முப்பத்தெட்டு வயதில் ஹால் முழுக்கத் தவழ்ந்தேன். மேற்கு மூலையில் தரையே அதிர்ந்தது. அங்கேதான் ஒச்சாயி அக்காவின் இரும்புக் கட்டில் கிடந்தது. தாயில்லாத என்னைத் தூக்கி வளர்த்தவள். இளைப்பு நோயில் படுத்துவிட்டாள்.

"என்னடா தம்பி, மறுபடியும் தவழுற?" என்று சிரித்தாள்.

மறுநாளே கட்டிலைக் கொல்லையில் இருந்த தகரக் கொட்டகைக்கு மாற்றினேன். அங்கே காற்று நன்றாக வரும் என்று அவளிடம் பச்சைப் பொய் சொன்னேன்.

தண்ணீர் வேண்டுமென்றால் பித்தளை டம்ளரால் கட்டில் காலில் மூன்று தட்டு தட்டுவாள். டங்... டங்... டங்... பாட்டுக்கு நடுவே அது எனக்கு எரிச்சலாக இருந்தது. பெரிய ரசிகனாம் நான்! டம்ளரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். பதிலுக்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தேன்.

அந்த ஞாயிறு மனைவி வாடிப்பட்டி போயிருந்தாள். காலையிலிருந்தே பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்குக் கருத்தக்கண்ணன் பாட்டுக் கேட்க வந்தான்.

மணி 3.10.

வூஃபருக்குள்ளிருந்து... டங்... டங்... டங்...

"பாட்டுல இது இல்லையேண்ணே..."

டேப்பை நிறுத்தினேன்.

டங்... டங்... டங்...

ஒயரைப் பிடுங்கினேன்.

டங்...

பித்தளைச் சத்தம். பீரோ சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது.

கொட்டகைக்கு ஓடினேன்.

அக்கா கட்டில் விளிம்பில் சரிந்து கிடந்தாள். கண் திறந்திருந்தது. தொட்டேன். உடம்பு விறைத்திருந்தது.

கையில் பிளாஸ்டிக் டம்ளர். தட்டித் தட்டி விளிம்பு சில்லுச் சில்லாக உடைந்திருந்தது.

டாக்டர் வந்து பார்த்தார். "வீட்டுல யாருமே இல்லையா? காலையில ஒம்பது மணிக்கே உயிர் போயிருக்கணுமே" என்றார்.

ஒன்பது மணிக்கு நான் ஹாலில்தான் இருந்தேன். கொல்லைப் பக்கம் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. பேஸை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.