கரும்புக் கொல்லையில் ஒரு வருகைப் பதிவு

கொரோனா காலத்தில் ஒரு கல்லூரி வகுப்பு முழுவதும் பாகூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தது. மருமகள் தனியார் கல்லூரி ஒன்றில் வணிகவியல் ஆசிரியை. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு அவள் பாடம் நடத்துவாள். எதிரே நான் செய்தித்தாளோடு உட்கார்ந்திருப்பேன். வேலைக்காலம் முழுவதும் கல்லூரி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவன் நான். வருகைக் குறைவா, ஆள்மாறாட்டமா, எதற்கு எந்த விதி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு யாரும் எழுப்பிக் கேட்கவில்லை.

திரையில் வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள் இருக்கும். கட்டத்துக்கு ஒரு பெயர், முகம் கிடையாது. “புரியுதா?” என்று இவள் கேட்டால் ஒரே ஒரு குரல்தான் வரும்: “எஸ் மேடம்.” பக்கத்து ஊரான குருவிநத்தத்துப் பெண், கடைசி ஆண்டு. கொஞ்சம் கரகரத்த குரல்.

“அந்தப் பொண்ணு ஒருத்தி இல்லன்னா நான் செவுத்துகிட்ட பேசற மாதிரிதான் மாமா” என்பாள் மருமகள்.

அன்றைக்குத் தணிக்கைப் பாடம். கிடங்கில் இருக்கும் சரக்கைத் தணிக்கையாளர் ஏன் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று விளக்கிவிட்டு, “ஏன்னு நீ சொல்லும்மா” என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள்.

“எஸ் மேடம்.”

“எஸ் இல்லம்மா. ஏன்?”

“எஸ் மேடம்.”

அந்தக் குரலுக்குப் பின்னாலிருந்து வேறொரு பெண்ணின் குரல் கேட்டது. “யாருகிட்டடி எஸ்ஸு எஸ்ஸுன்னுகினு கீற? குனிஞ்சி களையப் புடுங்குடி!”

“சும்மா இருடி, எம்பொண்ணு காலேஜிடி இது!” என்றது அந்தக் கரகரத்த குரல்.

மருமகள் திரைப்பக்கம் குனிந்தாள். “யாரும்மா பேசறது?”

“நான்தான் மேடம், அவ அம்மா. கரும்புக் கொல்லையில கீறேன்.”

“பொண்ணு எங்க?”

“சோப்பு கம்பெனிக்குப் போயிருக்குது மேடம், காலை ஷிப்டு. லாக்டவுன்ல அவங்க அப்பாவுக்கு வேல போயிடுச்சில்ல.”

“அப்ப இத்தனை நாளா வகுப்புல இருந்தது?”

“நான்தான் மேடம்.” பயமே இல்லை. குரலில் பெருமைகூட இருந்தது.

“தப்பில்லையாம்மா இது?”

“இன்னா மேடம் தப்பு? நூறு நாள் வேலைக்கு வூட்டுக்கு ஒரே அட்டதான? எங்க வூட்டுக்காரர் போகாத அன்னிக்கு நான் போயி நிப்பேன், வருகை போட்டுடுவாங்க. காலேஜிக்கும் அப்படித்தான் நின்னேன். ஒரு நாளும் விடல மேடம்.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். “நீங்களும் பாவம், தனியா பேசிகினே கீறீங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கல. அதான் எஸ் சொன்னேன்.”

மருமகள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். செய்தித்தாள் என் மடியிலிருந்து நழுவிக் கீழே கிடந்தது. மருமகளின் வகுப்பிலேயே கவனமான மாணவி, களை பறிக்க வந்த ஒரு தாய்.

முதலில் எனக்குத்தான் பேச்சு வந்தது, விதி வடிவத்தில். “இது ஆள்மாறாட்டம். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்கணும். அப்புறம் பெற்றோரை வரவழைக்கணும்.”

“பெற்றோர்தான் தினமும் வந்துட்டாங்களே மாமா.”

சிரிப்பு வரவில்லை. விசாரணை வைத்தால் பெண்ணுக்குத் தேர்வெழுதத் தடை. விசாரணை வேண்டாம், தாய் போட்ட வருகையை மட்டும் அழிக்கலாம் என்றாலும் வருகைக் குறைவு, தேர்வு கிடையாது. கடைசிப் பருவம். இதை விட்டால் அந்தப் பெண்ணுக்குப் பட்டம் போய்ச் சோப்புக் கம்பெனிதான் மிஞ்சும்.

“வராத வருகையை நான் வச்சுக்க மாட்டேன், அழிச்சுடுவேன்” என்றாள் மருமகள். “ஆனா அவ பரீட்சை எழுதணும் மாமா. உங்க விதியில எதனா இருக்கா?”

இருந்தது. ஈடுசெய் வகுப்பு. துறைத்தலைவர் அனுமதித்தால் எந்த நேரத்திலும் நடத்தலாம், அந்த வருகையும் கணக்கில் சேரும். தேர்வு வரை தினமும் வந்தால் அவளுக்குப் போதும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவர் அதைப் படித்தாரோ இல்லையோ, அனுமதி வந்துவிட்டது. ஷிப்டு முடிந்து பெண் வீடு திரும்பும் சாயங்கால நேரத்தில் வகுப்பு. விருப்பமுள்ள எல்லோரும் வரலாம் என்று அறிவித்தாள்.

முதல் நாள் சாயங்காலம் ஒரு கட்டத்தில் முதல்முறையாக முகம் தெரிந்தது. கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கண்கள் சிவந்திருந்தன. குரல் மெல்லியது, நாங்கள் கேட்டுப் பழகிய குரலே இல்லை.

“சாரி மேம். அம்மா பேசிகினு இருந்தது எனக்குத் தெரியாது மேம். ஜாயின் மட்டும் பண்ணுன்னுதான் சொல்லியிருந்தேன்.”

“அது போகட்டும். நாலாவது அலகு எடு.”

“மேம், மொதல்லேர்ந்து நடத்துறீங்களா? எனக்கு ஒண்ணுமே தெரியாது மேம்.”

மருமகள் பதில் சொல்வதற்குள் இன்னொரு கட்டம் பேசியது. “எனக்கும் மேம். காலைல நான் மருந்துக் கடையில நிக்கிறேன்.”

“நான் பெயிண்ட் வேலைக்குப் போறேன் மேம். ஜாயின் பண்ணிட்டுப் போன வூட்டுல போட்டுட்டுப் போயிடுவேன்.”

“மேம், நானும்.”

“நானும் மேம்.”

முகம் காட்டாத கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பேசிக்கொண்டே போயின. அந்தப் பருவம் முழுக்க வருகை குறைந்தவர் என்று ஒருவர்கூட இல்லாத வகுப்பு அது. மருமகள் என் பக்கம் திரும்பினாள். ஒரு வகுப்பே இல்லாமல் போனதற்கு எந்த விதியும் நான் படித்ததில்லை.

அவள் புத்தகத்தை நாலாவது அலகிலிருந்து பின்னோக்கிப் புரட்டினாள். முதல் பக்கம் வந்ததும் கையால் அழுத்தி வைத்தாள்.

“சரி” என்றாள். “தணிக்கைன்னா என்ன?”